முதியோர் கணக்கு

தோட்டத்துக் கிராணி வேலை என்பது பெயர்களோடு பழகும் வேலை. விடியற்காலையில், பனி கலையாத பெரட்டுக் களத்திலே நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் கணக்கைச் செக்ரோலிற் குறிப்பதிலே தொடங்கி, மாலையில் நிறுவைக் கொட்டகையிலே இன்னார் பறித்த கொழுந்து இத்தனை கிலோ என்று எழுதுவதில் முடிகிறது நமது நாள். சிங்கப்பூரில் மாமா வீட்டிலே தங்கி ஆங்கிலப் பள்ளியிற் படித்த படிப்பு இதற்குத்தானா என்று உறவினர் கேட்பதுண்டு. சம்பளக் கணக்குக்கு மேல் இந்தப் புத்தகத்தால் வேறு பிரயோஜனம் இல்லையென்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். நமது பாட்டியார் காலமான பிறகுதான் அவ்வெண்ணம் மாறிற்று. அந்த விஷயத்தையே ஈண்டு எழுத முற்படுகிறோம்.

பாட்டியார் தானா ராத்தாவுக்கு அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து பறித்தவர். ஜே. ஏ. ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர் 1929-ம் வருஷத்தில் இம்மலையிலே போ தோட்டத்தைத் தொடங்கியதை அடுத்த காலங்களில், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து காடு வெட்டித் தேயிலை நட்ட கூட்டத்தில் அவருடைய தகப்பனாரும் ஒருவர். பாட்டியார் பிறந்தது லயத்திலே. பிறந்த தேதி எவரும் எழுதி வைக்கவில்லை. 1948-ல் அவசரகாலம் பிரகடனமானதும், 12 வயது நிரம்பியோர்க்கெல்லாம் அடையாளச் சீட்டு வழங்கும் பொருட்டு உத்தியோகஸ்தர் மலைக்கு வந்தனர். அவர் முன் நின்ற சிறுபெண்ணின் உயரத்தைப் பார்த்து ஒரு வயதை ஊகித்து, 1936 என்று பிறந்த வருஷத்தைப் பதிந்தார்கள். பாட்டியார் சொல்லும் கணக்கோ வேறு. "ஜப்பான்காரன் போன வருஷம் நான் பெரியமனுஷி ஆனேன்" என்பார். ஜப்பானியர் போனது 1945-ல். அப்போது அவருக்கு 13 வயதென்று கொண்டாலும் பிறந்தது 1932 ஆகிறது. சரீரம் சிறுத்திருந்ததற்கு ஜப்பான் காலத்து மரவள்ளிக்கிழங்கு காரணமாயிருக்கலாம்.

இந்த 4 வருஷ வித்தியாசத்தால் என்ன நேர்ந்தது என்று வாசகர் கேட்கலாம். 55 வயதானால் வேலையிலிருந்து ஓய்வு, சேமநிதிப் பணம் கைக்கு வரும் என்பது அக்காலத்து ஏற்பாடு. சீட்டின்படி பாட்டியாருக்கு 55 ஆனது 1991-ல். உண்மையில் அப்போது அவருக்கு 59. சரிவிலே கூடையைச் சுமந்து ஏறிய அந்த 4 வருஷக் கொழுந்தை எவரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? அவர் கேட்டதில்லை. முழங்கால் மாத்திரம் மழைக்காலந்தோறும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற பின் அவர் நம்மோடுதான் இருந்தார். நமது தாயாரும் அண்ணியாரும் அவரை ஒரு துரும்பும் எடுக்க விடமாட்டார்கள். சமைக்க வேண்டாம், துவைக்க வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம்; "சும்மா உட்காருங்கள்" என்பதே வீட்டார் அவருக்குச் செய்த உபசாரம். 2014-ம் வருஷத்துத் தொடக்கத்திலே கோயில் மண்டபத்தில் ஒரு வைத்திய முகாம் நடந்தது. நகரத்திலிருந்து வந்த ஒரு சங்கத்தார் முதியோரை வரிசையில் உட்காரவைத்து, இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சோதித்து, கையிலே ஒரு துண்டுச் சீட்டும் ஒரு பொட்டலம் பிஸ்கோத்தும் கொடுத்தனர். பாட்டியாரின் சீட்டிலே எல்லாம் சரி என்று எழுதியிருந்தது. அவர்கள் திரும்ப வரவில்லை. வந்தவரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. மலையேறி வருவதே பெரிது.

அவ்வருஷம் ஆடி மாதத்தில் வீட்டார் ஒரு கலியாணத்துக்காக ஈப்போவுக்குப் போயிருந்தனர். நாம் காய்ச்சலோடு வீட்டிலே படுத்திருந்தோம். "பாட்டி, ஒரு தேத்தண்ணி போட்டுத் தாருங்கள்" என்றோம். எழுந்து அடுப்படிக்குப் போனார். கால் மணி நேரமாகியும் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால், அடுப்புப் பற்றவைக்கப்படவில்லை. பாட்டியார் உள்ளங்கையிலே தேயிலைத் தூளைக் கொட்டி வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். நம்மைக் கண்டதும், "இதை என்ன செய்யணும் தம்பி?" என்று கேட்டார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த இலையைப் பறித்த கை அது.

ஆஸ்பத்திரி வைத்தியர் சோதித்துவிட்டு, இது மறதி நோய், தொடங்கிச் சில வருஷங்களாவது இருக்க வேண்டும் என்றார். ஒரே வீட்டிலே உண்டு உறங்கிய நமக்கு எவ்வாறு தெரியாமற் போயிற்று என்ற கேள்வி நம்மை விடவில்லை. ஆங்கிலம் படித்ததன் பயனாக இரவிலே உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கலானோம். அப்போது கிடைத்த ஒரு செய்தி நமது வீட்டையே எட்டிப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

1998-ம் வருஷம் கொச்சியிலே மறதி நோய் ஆராய்ச்சியாளர் சிலர் கூடி ஒரு குழுவை ஏற்படுத்தினர். அதன் பெயர் 10/66. அப்போது உலகத்து மறதி நோயாளரில் 66 சதவிகிதத்தினர் ஏழை நாடுகளில் வாழ்ந்தனர். ஆராய்ச்சியிலோ 10 சதவிகிதங்கூட அந்நாடுகளில் நடக்கவில்லை. இந்த அநீதியையே பெயராகச் சூட்டிக்கொண்டனர். லத்தீன் அமெரிக்கா, சீனா, இந்தியா முதலிய இடங்களில் வீடு வீடாகச் சென்று 65 வயதுக்கு மேற்பட்டோரைக் கண்டனர். இந்தியாவில் அவர்கள் தேர்ந்த இடங்கள் சென்னை நகரமும் வேலூரை அடுத்த கிராமங்களும். எழுத்தறியாதவரிடம் தேதியைக் கேட்டும், படம் வரையச் சொல்லியும், சொல்லை எழுத்தெழுத்தாய்த் தலைகீழாகச் சொல்லச் சொல்லியும் மூளையை அளக்கும் மேல்நாட்டுச் சோதனை பள்ளிப்படிப்பை அளக்குமேயன்றி நோயை அளக்காது என்று கண்டு, படியாதவர்க்கும் பொருந்தும் சோதனையொன்றை உண்டாக்கினார்கள்.

2008-ல் அவர்கள் வெளியிட்ட முடிவிலே ஓர் எண் நம்மைத் தடுத்து நிறுத்தியது. அமெரிக்க வைத்தியரின் வழக்கமான இலக்கணப்படி எண்ணினால், இந்தியக் கிராமத்தில் மறதி நோயுள்ள முதியோர் 0.3 சதவிகிதமே, கியூபாவிலோ 6.3. தமிழ்க் கிராமத்தார் அத்தனை பாக்கியசாலிகளா? இல்லை. குழுவினர் தமது சோதனையால் எண்ணிய போது தொகை பன்மடங்காயிற்று. காரணம் யாதெனில், வழக்கமான இலக்கணம், 'இவர் முன்போல் வேலைகளைச் செய்ய இயலாமற் போய்விட்டார்' என்று உறவினர் சொன்னாலன்றி நோய் என்று ஒப்புக்கொள்ளாது. நமது குடும்பங்களிலோ முதியவர்க்கு வேலையே வைப்பதில்லை. செய்யவேண்டாதவர் செய்ய மறந்ததை எவர் கண்டார்? மறதி தெரிந்தாலும், "வயசானால் அப்படித்தான்" என்று ஒரு வாக்கியத்தில் மூடிவிடுகிறோம். நமது தாயாரும் அண்ணியாரும் அன்பினாலே செய்த உபசாரம் நோய்க்கு ஒரு திரையாயிற்று. இதை அவர்களிடம் நாம் சொல்லவில்லை; சொல்லவும் மாட்டோம்.

நிற்க. ஒரே நாளிற் பார்த்துவிட்டுப் போகும் முகாமுக்கும், அதே மனிதரிடம் வருஷக்கணக்காய்த் திரும்பத் திரும்ப வரும் ஆராய்ச்சிக்கும் உள்ள பேதம் இவ்விடத்திலே விளங்கும். முதுமையில் எவர்க்கு எந்நோய் வரும், எதனால் வரும் என்பதை நோய் வந்த பிறகு கேட்டறிய முடியாது. நலமாயிருக்கும்போதே எழுதி வைத்து, பிறகு பத்து, இருபது வருஷம் பின்தொடர்ந்து, விழுந்தவர் யார் நின்றவர் யார் என்று ஒப்பிட வேண்டும்.

இதற்கு உலகம் போற்றும் உதாரணம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஃபிரேமிங்ஹம் என்னும் சிற்றூர். 1945-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையிலே இரத்தம் பாய்ந்து இறந்தார். இரத்தக் கொதிப்பு அவருக்கு வருஷக்கணக்காய் ஏறிக்கொண்டே இருந்தது. அக்காலத்து வைத்தியரிற் பலர், வயது ஏற ஏறக் கொதிப்பும் ஏறுவது இயற்கையே என்று கருதினர். அதாவது, நமது லயத்துப் பாட்டிமார் சொல்லும் "வயசானால் அப்படித்தான்" என்பதைத்தான் அவர்களும் இங்கிலீஷிலே சொல்லிக்கொண்டிருந்தனர். 1948-ல் அவ்வூரார் 5,209 பேரை, 30 முதல் 62 வயதுவரையுள்ளோரை, எழுதிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கொரு முறை சோதித்து வந்தனர். இரத்தக் கொதிப்பும், இரத்தத்திலே கொழுப்பும், புகை பிடித்தலும் இருதய நோய்க்கு முன்னடையாளம் என்பது அவ்வூராரின் பொறுமையால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு. 1971-ல் அவர்களுடைய பிள்ளைகளையும், 2002-ல் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நமது மலேசியாவிலும் இம்முயற்சிகள் இல்லாமலில்லை. ஜொகூரின் சிகாமாட் ஜில்லாவில், மோனாஷ் சர்வகலாசாலையார் 2011-ல் தொடங்கிய ஏற்பாடொன்று உண்டு; ஐந்து முக்கிம்களில் ஏறத்தாழ 40,000 ஜனங்களை, குழந்தை முதல் கிழவர்வரை, உள்ளூர்வாசிகளையே கணக்கெடுப்பவராக வைத்து ஆண்டுக்கணக்காய்ப் பின்தொடர்கின்றனர். மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடிகள் என எல்லாரும் அதில் உள்ளனர். தேசிய சர்வகலாசாலையார் 2012-13-ல் தொடங்கிய முதியோர் ஆராய்ச்சியில் 60 வயதுக்கு மேற்பட்ட 2,322 பேர் சேர்ந்தனர். ஜொகூர், பேரா, சிலாங்கூர், கிளந்தான் ஆகிய நான்கு மாநிலங்கள். பகாங் அந்நான்கில் இல்லை. மலாயாச் சர்வகலாசாலையார் 2013 முதல் பெட்டாலிங் ஜெயா, லெம்பா பந்தாய் தொகுதிகளின் வாக்காளர் பட்டியலிலிருந்து 55 வயதுக்கு மேற்பட்டோரைத் தேர்ந்து, முக்கியமாக முதியோர் விழுவதையும் அதன் காரணங்களையும் ஆராய்ந்தனர். வாக்காளர் பட்டியலைக் கொண்டு தேர்வது சாஸ்திரப்படி நல்ல வழியே. ஆனால் சிவப்பு அடையாளச் சீட்டோடு வாழ்ந்து முதிர்ந்த நமது தோட்டத்துப் பெரியவர்கள் நினைவுக்கு வருகின்றனர். இந்நாட்டிலே பிறந்தும் பிரஜையாகாதவர் எந்த வாக்காளர் பட்டியலிலும் இரார். 2018-ல் சர்க்கார் நடத்திய தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு, 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.5 சதவிகிதத்தினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. பள்ளிக்கூடம் போகாதவரிடத்தே அது அதிகம். லயத்திலே பள்ளிக்கூடம் போன பாட்டிமார் எத்தனை பேர்?

தேயிலைத் தோட்டத்தார் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சிங்கப்பூரிலே 2003 முதல் நடந்துவரும் முதியோர் ஆராய்ச்சியில், 55 வயதுக்கு மேற்பட்ட 957 சீனரைச் சில வருஷம் பின்தொடர்ந்து பார்த்தபோது, தவறாமல் தேநீர் பருகினவர்க்கு மறதி நோய் வரும் அபாயம் ஏறக்குறைய பாதியாயிருந்ததாக 2016-ல் எழுதினார்கள். அதற்கு முன்பே, 2006-ல், மஞ்சள் சேர்ந்த குழம்பை அடிக்கடி உண்ணும் முதியோர் ஞாபகச் சோதனையிலே நன்றாகத் தேறினர் என்று 1,010 பேரை வைத்து எழுதியிருந்தனர். படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. பாட்டியார் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை தேத்தண்ணி குடித்தவர். மஞ்சளில்லாத குழம்பை அறியாதவர். ஒருவரை வைத்து ஓர் ஆராய்ச்சியைப் பொய்யென்று சொல்வது அறியாமை; ஆராய்ச்சிக்காரரும், தேநீர் குடிப்பவரின் மற்றப் பழக்கங்களும் நல்லனவாயிருக்கலாம் என்பதை எண்ணத்தான் வேண்டும். ஆயினும் கோப்பைகளை எண்ணிய கணக்கைப் படிக்கும்போது கூடைகளை எண்ணிய கணக்கு எங்கே என்று தேடத் தோன்றிற்று.

அந்தக் கணக்கு நம்மிடமே இருந்தது! பாட்டியார் 2019-ல் காலமானார். சீட்டின்படி 83, அவர் கணக்கின்படி 87. கருமாதி முடிந்த மறுவாரம், அலுவலகத்தின் பின்கட்டிலே அடுக்கியிருந்த பழைய செக்ரோல் புத்தகங்களைப் புரட்டினோம். கறையான் தின்றது போக 1973 முதல் மிஞ்சியிருந்தன. ஒவ்வொரு மாதத்திலும் அவர் பெயர். பெயருக்கெதிரே ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு நாளும் எத்தனை எடை. 1974 சித்திரையில் அவர் வேலைக்கு வராத நாள் ஒன்றுமில்லை. 1981-ல் தொடர்ந்து 11 நாட்கள் வரவில்லை. அது நமது சிறிய தந்தையார் இறந்தபோது. 1986-லிருந்து எடை மெல்லக் குறைகிறது. மழை மாதங்களில் அதிகமாய்க் குறைகிறது. முழங்கால் வலி தொடங்கிய காலத்தை எந்த வைத்தியரும் எழுதவில்லை. நமக்கு முன்னிருந்த கிராணி அறியாமலே எழுதி வைத்துவிட்டார். 1991-ல் பெயரின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. அதற்குப் பிறகு அவர் 28 வருஷம் உயிரோடிருந்தார். அந்த 28 வருஷத்துக்கு ஒரு வரியும் இல்லை.

கூலி கொடுக்கும் பொருட்டு ஒரு மனுஷியை நாள் தவறாமல் எண்ணிய உலகம், கூலி நின்றதும் எண்ணுவதை நிறுத்திக்கொண்டது.

ஆகவே நாம் ஒரு காரியம் செய்தோம். இதை ஆராய்ச்சியென்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஒரு நோட்டுப்புத்தகம், அவ்வளவே. லயங்களிலும் தானா ராத்தாக் கடைத்தெருவிலும் வாழும் தோட்டத்து முதியோர் 23 பேரின் பெயரை எழுதினோம். தைப்பொங்கல் கழிந்ததும் ஒவ்வொருவரிடமும் போய் அதே கேள்விகளைக் கேட்பது. டிரஸ்ஸர் உடன் வந்து இரத்தக் கொதிப்பைப் பார்ப்பது. வயதைச் சீட்டைப் பார்த்து எழுதாமல், ஜப்பான் காலத்தில் எவ்வளவு பெரியவர், அவசரகாலத்தில் கலியாணமாகியிருந்ததா, 1957-ல் சுதந்திரம் வந்தபோது இடுப்பிலே பிள்ளை இருந்ததா என்று கேட்டு எழுதுவது. வீட்டாரிடம் "மறதி உண்டா?" என்று கேட்பதில்லை; முதியவரிடமே ஒரு தேத்தண்ணி கேட்பது. குடித்த தேத்தண்ணி வயிற்றைக் கெடுத்ததுதான் நமக்குக் கண்ட பலன் என்று டிரஸ்ஸர் கேலி செய்வார்.

முதல் வருஷமே ஒரு பெரியவர் நம்மை நிறுத்திவிட்டார். மண்டோர் வேலை பார்த்து ஓய்ந்தவர். "கிராணி ஐயா, இதை எழுதி யாருக்குக் காட்டப் போறீங்க? தொரைக்கா?" என்றார். நமக்கு முதலிற் சினம் வந்தது. பிறகு அவர் கேட்டது நியாயமென்று பட்டது. அவர் குடியிருப்பது மகனுடைய வேலைக்காகக் கிடைத்த வீடு. வீட்டில் நோயாளி இருக்கிறார், மகன் அடிக்கடி லீவு எடுக்கிறான் என்று ஒரு வரி அலுவலகத்துக்குப் போனால் அவ்வீடு என்னாகும்? நாமோ சம்பளப் புத்தகம் எழுதுகிறவர். ஆராய்ச்சிக்கென்று வருவோர் கைநாட்டு வாங்கிக்கொண்டால் சம்மதம் கிடைத்துவிட்டதென்று எண்ணுகிறார்கள்; இந்தத் தோட்டத்திலே கைநாட்டு வைத்தவர்க்கெல்லாம் கைநாட்டினாலே என்னென்ன வந்தது என்பதை அவர்கள் அறியார். நோட்டுப்புத்தகத்தைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை வீட்டிலே வைப்பதென்றும், அலுவலகப் படியைத் தாண்டி அது வராதென்றும் சொன்னோம். பெரியவர் இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் ஆளனுப்பினார். தமது சீட்டிலுள்ள வயதும் பொய்யென்றும், அதை முதலில் திருத்தி எழுத வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். எழுதினோம்.

இரண்டாம் வருஷம் 23 பேரில் 3 பேர் இல்லை. 4 பேர் மக்களோடு மலையை விட்டு இறங்கிவிட்டனர். ஒருவர் கிள்ளானில் இருப்பதாகச் சொல்லுகிறார்கள். வீட்டு இலக்கம் தெரியாது. பெரிய ஆராய்ச்சிகளும் இவ்விடத்திலேதான் இடறுகின்றன என்று படித்திருந்தோம்: நின்றவரை மாத்திரம் எண்ணினால் ஊரே நலமாயிருப்பதாகத் தோன்றும், நோயுற்றவரே முதலிற் கணக்கை விட்டு நழுவுகிறவர். தோட்டத்திலே இது இன்னும் கடினம். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் ஆள் எங்கே போனார் என்பதற்கு அடையாளமே இல்லை. இப்போது கொழுந்து வெட்டுவோரிற் பலர் வங்காளதேசத்தாரும் நேபாளிகளும் இந்தோனேசியரும். நமது இளைஞர் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் உள்ளனர். லயத்திலே நம்மவர் என்று எஞ்சியிருப்போர் பெரும்பாலும் அந்த நோட்டுப்புத்தகத்திலுள்ளவர்களே.

கிடைத்த பலன் சிறிது. 16 பேரில் 5 பேர்க்கு இரத்தக் கொதிப்பு மிகுந்திருந்தது. அவர்களில் 3 பேர் அதுவரை அறியாதவர். மூவரும் இப்போது ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்குகின்றனர். ஒரு மூதாட்டி சென்ற வருஷம் போட்ட தேத்தண்ணியிலே சர்க்கரைக்குப் பதிலாக உப்பு இருந்தது. அவருடைய மருமகளைத் தனியே அழைத்துச் சொன்னோம். அவர் நம்பவில்லை. மறுமாதம் தாமே அத்தையை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததாகக் கேள்விப்பட்டோம்.

இவ்வருஷத்துச் சுற்று நடந்துகொண்டிருக்கிறது. நேற்று மண்டோர் பெரியவர் வீட்டுக்குப் போனபோது அடுப்பிலே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நாம் கேட்பதற்கு முன்னமே, "போன வருஷம் நான் என்ன சொன்னேன்னு படிங்க, ஐயா, இப்போ அதையே சொல்றேனா பார்ப்போம்" என்றார். நோட்டுப்புத்தகத்தை விரித்தோம்.